எதிராளி நின்றுதான் பேசுவான்

ஊருக்கெல்லாம் என் வீட்டுக்காரர் எழுத்து பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. இதைச் சொன்னால் தையல் கம்பெனியில் ஒருத்தியும் நம்பமாட்டேன் என்கிறாள். "சும்மா சொல்லாதீங்கக்கா, அவர் எழுதினதைப் படிச்சா கல்லுகூடக் கரையுமே" என்கிறார்கள். கரையட்டும். கல்லுக்கு என்ன, அதற்குக் கட்டிலில் ஒரு பக்கம் காலியாகவா கிடக்கிறது?

அவரை எல்லோரும் நிதானம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் எவனாவது கையை ஓங்கினால், கல்லை எடுத்தால், "நிதானம், நிதானம்" என்று குறுக்கே போய் நிற்பார். விழுகிற அடி இவர் மேல் விழும். விழுந்த பிறகும் அதையேதான் சொல்வார். நடையும் நிதானம், சாப்பாடும் நிதானம். அடுப்பில் பால் பொங்குகிறது, ஓடிப்போய் இறக்குங்கள் என்றால், அவர் எழுந்து செருப்பைத் தேடி முடிப்பதற்குள் பாதிப் பால் தரையில் இருக்கும்.

எங்கள் ஊரில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். அதற்கு இரண்டு கதவு. முன்கதவு அவர்களுக்கு. உள்ளே பெஞ்சு, மின்விசிறி, பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள். பக்கவாட்டில் தாழ்வாக இன்னொரு கதவு, அது எங்களுக்கு. அங்கே நிற்கத்தான் இடம். எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை, ஆனால் முன்கதவில் நாங்கள் கால் வைத்தால் போலீஸ் வந்துவிடும். இவர் சொன்னது ரொம்ப எளிமை. முன்கதவு வழியாகப் போவோம், பெஞ்சில் உட்காருவோம், யாரையும் திட்டமாட்டோம், யாரையும் தொடமாட்டோம், தூக்கிக்கொண்டு போனால் போவோம், மறுநாள் திரும்ப வருவோம். இதையேதான் மாதம் ஒரு நோட்டீஸாக எழுதினார். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு எழுதும்போதும் "மதிப்புக்குரிய அண்டை வீட்டாருக்கு" என்றுதான் தொடங்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவங்களுக்கு என்ன மதிப்பு வேண்டிக்கிடக்கு?" என்பேன்.

"திட்டினா படிக்கமாட்டாங்க. படிக்கலைன்னா எப்படி மனசு மாறுவாங்க?" என்பார்.

இதில் ஒரு கூத்து உண்டு. தனியாக உட்கார்ந்து எழுத அந்த மனுஷனுக்கு வரவே வராது. எதிர்த்துப் பேச ஆள் வேண்டும். அந்த ஆள் நான். கம்பெனியில் காலர் வைத்துவிட்டு வந்து, வீட்டு மெஷினில் கொஞ்சம் சில்லறைத் தையல் பார்ப்பேன். எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு பத்தி படிப்பார். உடனே நான் எழுந்து நிற்க வேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம். எழுந்து நின்றுவிட்டால் நான் அவர் பெண்டாட்டி இல்லை, எதிராளி. ஆஸ்பத்திரி அதிகாரி, அந்தப் பக்கத்துக் கடைக்காரர், எங்கள் பக்கத்திலேயே பயந்து சாகிறவர், கல்லெறியத் துடிக்கிற இளவட்டம், யாராக வேண்டுமானாலும் ஆவேன். "எதிராளி எப்பவும் நின்னுதான் பேசுவான், அவன் கையில அதிகாரம் இருக்கு. நாம உக்காந்துதான் பதில் சொல்லணும்" என்பார். நான் உட்கார்ந்ததும் பழையபடி நானாகிவிட வேண்டும். நின்றுகொண்டு சொன்ன எதையும் உட்கார்ந்த பிறகு இரண்டு பேரும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.

நின்றால் நானும் லேசில் விடமாட்டேன். பெஞ்சில் உட்கார்ந்தால் காய்ச்சல் இறங்கிவிடுமா, காலம் மாறும்வரை பொறுத்தால் என்ன குறைந்துவிடும், உங்கள் ஆட்கள் கூட்டமாக வந்தால் நோயாளி தூங்க வேண்டாமா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்பேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு எழுதுவார். அவர் நோட்டீஸில் 'நீங்கள் கேட்கலாம்' என்று எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் கேட்டது நான்தான். ஊருக்கு இது தெரியாது. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவரை மடக்க முடிந்ததில்லை. "இருங்க, நாளைக்கு வச்சுக்கறேன் உங்களை" என்று சொல்லிவிட்டு உட்காருவேன். அப்போது ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் தோற்கலாம். இதை அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

இப்போது அவர் ஜெயிலில் இருக்கிறார். முன்கதவு வழியாகப் போய் உட்காரச் சொல்லி எழுதினதற்கு மூன்று வருஷம் போட்டார்கள். ஒன்றுகூட முடியவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் இல்லையென்றால் வீட்டில் நான் மட்டும்தான். மெஷினை நிறுத்தினால் வீடு கம்மென்று ஆகிவிடுகிறது, அதனால் நிறுத்துவதே இல்லை. பேசத் தொடங்குவதற்கு முன்னால் அவர் தொண்டையைச் செருமுவதுகூட எனக்கு வேண்டியிருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் எழுந்து நின்று, காலி நாற்காலியைப் பார்த்து, "ஏன் ஐயா, பெஞ்சுல உக்காந்தா காய்ச்சல் இறங்கிடுமா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"யாரு வந்திருக்காங்க?"

"உன் மாமியார்" என்றேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் மெஷின் மேல் கவிழ்ந்து அழுதேன்.

மாதம் ஒருமுறை அவரைப் பார்க்க விடுவார்கள், கால் மணி நேரம். இடுப்பளவுக்கு ஒரு சுவர், அதற்கு மேல் கம்பிவலை. உள்ளே இருக்கிறவருக்கு ஒரு ஸ்டூல் உண்டு. பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்றும் கிடையாது. மூலையில் ஒரு காவலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு மாதம் அப்படிப் போனபோது மனதில் என்னென்னவோ வைத்துக்கொண்டுதான் போனேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது, போர்வை கொடுத்தார்களா, வலைக்குள் விரலையாவது நீட்டுவாரா என்று. அவர் வந்து உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார்.

"கையெழுத்து கேக்கறாங்க" என்றார். "இனிமே எழுதமாட்டேன், யாரையும் உக்காரச் சொல்லமாட்டேன்னு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டா அன்னிக்கே வீட்டுக்குப் போகலாமாம். உள்ள இருக்கற நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் கேட்டிருக்காங்க."

"எங்க போடணும்?" என்று கேட்டுவிட்டேன்.

நான் கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் எழுதிக் கொடுக்கணும். ஏன் போடமாட்டேன்னு எழுதணும். ரெண்டு நாளா உக்காந்து பாக்கறேன், வரமாட்டேங்குது. இங்க எல்லாரும் நான் வாயைத் திறந்தாலே தலையாட்டறாங்க. அம்மா தாயே, நீ கொஞ்சம் பேசேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். மாதம் முழுக்க இந்தக் கால் மணி நேரத்துக்காக ஏங்கிக்கிடந்து வந்தால், இங்கேயும் இவருக்கு நோட்டீஸ் எழுத ஆள் வேண்டுமாம். பேசினேன். அடக்கிவைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன்.

"ஏன் போடக் கூடாது? பக்கத்துக் கதவு வழியாத்தான் உங்க அப்பா போனார், எங்க அம்மா போனாங்க. செத்தா போயிட்டாங்க? அந்த முன்கதவு உங்க பெண்டாட்டியைவிடப் பெரிசா? அவளுக்கு நாற்பது தாண்டியாச்சு. நீங்க வெளிய வர்றப்போ அவ இதே ஆளா இருப்பாளா? போன வயசு திரும்ப வருமா? ராத்திரி கட்டில்ல ஒரு ஓரமாவே படுத்துக்கிடக்கறா, அந்தப் பக்கம் கை பட்டா சில்லுனு இருக்கு. ஊர் உங்களைப் படிச்சுக்கும். அவ எதைப் படிப்பா? ஒரு கையெழுத்து. ஊருக்காக ஆயிரம் எழுதினீங்களே, அவளுக்காக ஒரு கையெழுத்துப் போட்டா என்ன, விரல் தேஞ்சுடுமா?"

மூச்சு வாங்கியது. அவர் கண் கலங்கியிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லப்போகிறார் என்று வலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அடேயப்பா!" என்றார். "இருபது வருஷத்துல இப்படி ஒரு எதிராளி வந்ததே இல்ல. பெண்டாட்டியை இழுப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. இதுக்குப் பதில் எழுதினா ஊர்ல எல்லாருக்கும் எழுதின மாதிரி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். என் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டிருந்தால் உட்கார்ந்தல்லவா பேசியிருப்பேன்! பேசினது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "நேரமாச்சு" என்று காவலர் நடுவில் வந்தார். என் வீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். சனியன் பிடித்த சிரிப்பு.

ஆனாலும் நப்பாசை யாரை விட்டது? இந்தத் தடவை நான் கேட்டதெல்லாம் நிஜம். நிஜமான கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது, உட்கார்ந்து யோசித்தால் அவருக்கே புரியும், கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து கதவைத் தட்டுவார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சட்டைகளை இஸ்திரி போட்டுவைத்தேன், தலையணைக்கு உறை மாற்றினேன். அந்த வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றேன். சைக்கிளில் வந்த தபால்காரரைத் தவிர ஒருவரும் வரவில்லை, அவரும் நிற்காமல் போனார்.

அடுத்த வாரம் டீ குடிக்க விட்ட நேரத்தில், கம்பெனிக்கு எதிர் டீக்கடையில் நின்றபோது, பக்கத்து மெஷின் பெண் என்னிடம் வந்தாள். சட்டைக்குக் காஜா எடுப்பவள், அதனால் அவளுக்குக் காஜாக்காரி என்றே பெயர். வயிற்றில் ஏழு மாதம். அவள் வீட்டுக்காரரும் உள்ளேதான் இருக்கிறார். ஒரு நோட்டீஸை என் கையில் திணித்தாள். அதிகாரிக்கு இவர் எழுதிய பதில். வக்கீல் வழியாக வெளியே வந்து அச்சாகிவிட்டது.

படித்தேன். என் கேள்விகள் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன.

'பக்கத்துக் கதவு வழியாகப் போனவர்கள் செத்தா போனார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சாகவில்லை. ஆனால் அந்தக் கதவில் குனிந்து நுழைந்த என் அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் நிமிரவில்லை. நான் அவருடைய முதுகைப் பார்த்தே வளர்ந்தேன். போன வயது உன் மனைவிக்குத் திரும்ப வருமா என்று நீங்கள் கேட்கலாம். வராது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் அவள் பக்கம் கையை நீட்டுகிறேன், சுவர்தான் தட்டுகிறது. ஆனால் ஐயா, நான் இன்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அவள் எதிரே போய் உட்காருகிறவன் யார்? பயந்து வாயை மூடிக்கொண்ட ஒருவன். அவள் கட்டிக்கொண்டது அவனை இல்லை. அவள் காத்திருப்பதும் அவனுக்காக இல்லை.'

யாரைக் கேட்டு எழுதினார் இதை? எனக்கு அவனும் போதும்! பயந்தவனோ வாய் மூடினவனோ, சாயங்காலம் வந்து எதிரே உட்கார்ந்தால் போதும். அந்த டீக்கடையிலேயே நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. சுவர்தான் தட்டுகிறது என்ற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். இருபது வருஷத்தில் எனக்கு அவர் ஒரு வரி எழுதித் தந்ததில்லை. எழுதினதையும் எவனோ ஒரு அதிகாரிக்கு எழுதியிருக்கிறார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கமாட்டீங்களே?" என்றாள் காஜாக்காரி. "எங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போடறேன்னு ஒத்துக்கிட்டிருந்தார். பிரசவத்துக்குப் பக்கத்துல இருப்பேன்னார். அண்ணன் இதை உள்ள எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாராம். கேட்டுட்டு இவரும் மாட்டேன்னுட்டார். ரெண்டு நாள் உங்க வீட்டுக்காரரைத் திட்டாத திட்டு இல்லக்கா. மண்ணை வாரித் தூத்தினேன். அப்புறம் நானே வாங்கிப் படிச்சேன். நான் கேக்க நினைச்சதெல்லாம் அதுல கேட்டிருக்கு. யாரோ என் வயித்துக்குள்ள பூந்து கேட்ட மாதிரி. கேட்டாச்சு, பதிலும் வந்தாச்சு, இனிமே அழுது என்ன. வலி எடுத்தா முன்கதவு வழியாத்தான் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெஷினுக்குத் திரும்பிப் போனாள். நான் அன்றைக்கு வைத்த காலர் எல்லாம் கோணல்.

அடுத்த முறை பார்க்கப் போனபோது ஒரு முடிவோடுதான் போனேன். அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பேசாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுவர் மறைத்துவிட்டது.

"எங்க போயிட்ட?" என்றார் அவர் பதறிப்போய்.

"இங்கதான் கீழ இருக்கேன். உக்காந்திருக்கேன்."

"எழுந்திரும்மா, தரையில எல்லாம் உக்காரக் கூடாது" என்றார் காவலர்.

"என் புருஷன்கிட்ட உக்காந்து பேசணும் சார். ஒரே ஒரு நிமிஷம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." சுவரைப் பார்த்தே சொன்னேன். "போன தடவை எதிராளி பேசலைங்க. உக்கார ஒண்ணும் இல்லாததால நின்னேன். பேசினது நான்."

அவர் மேலேயிருந்து ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"எல்லாமா?"

"எல்லாம்."

"அந்தக் கட்டில்?"

"கட்டிலும்தான்."

காவலர் வந்து என்னை எழுப்பி நிறுத்தினார். வலைக்கு அந்தப் பக்கம் அவர் முகத்தைப் பார்த்தேன். அடிபட்டபோதுகூட அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

"நான் ஒரு மடையன்" என்றார். "உன்னை வச்சே ஊருக்குப் பதில் எழுதியிருக்கேன்." வலைக்குள் விரல்களை நுழைத்தார். நான் பிடித்துக்கொண்டேன், காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "மாசக் கடைசி வரைக்கும் மனசு மாறினா போடலாம்னு சொல்லியிருக்காங்க. இப்பவே போய்ப் போட்டுடறேன். நீ ஒரு 'ம்' சொன்னாப் போதும்."

இதற்காகத்தானே வந்தேன். அந்த 'ம்' தொண்டைவரை வந்துவிட்டது. அவர் விரல் சூடாக இருந்தது. அந்தச் சூட்டோடு வீட்டுக்குப் போய்விடலாம், சாயங்காலமே எதிரே உட்கார்ந்துவிடுவார். ஆனால் காஜாக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துபோனதுதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"காஜாக்காரி வீட்டுக்காரர் உங்க பதிலைக் கேட்டுட்டுத்தானே போடல. அவளுக்கு ஏழு மாசம். நீங்க வீட்டுக்கு வந்துட்டா அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"அது அவர் எடுத்த முடிவு. நான் யாரையும் கட்டாயப்படுத்தல."

"நல்லா இருக்கே நியாயம்! படிச்சுக் காட்டினது யாரு?"

"நான் இல்லைன்னா வேற யாராவது எழுதுவாங்க. நான் மனுஷன்தானே, எனக்கும் வீட்டுக்கு வரணும்னு இருக்காதா?" குரல் உடைந்துவிட்டது. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. "ராத்திரி தூக்கம் வரல. நீ மெஷின் மிதிக்கிற சத்தம் கேக்காம எனக்குத் தூக்கம் வரல. இதுக்கு என்ன பதில் சொல்லுவ?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"வந்து என்ன பண்ணுவீங்க? நான் தைச்சுக்கிட்டிருப்பேன், நீங்க எதிர்ல உக்காந்திருப்பீங்க. எழுதக் கூடாது. எழுத ஒண்ணும் இல்லைன்னா எதைப் படிப்பீங்க? நான் எதுக்கு எழுந்து நிப்பேன்? நாம ரெண்டு பேரும் சண்டை போடாம ஒரு சாயங்காலம் இருந்திருக்கோமா? நீங்க என் எதிர்லயே வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா, அப்பவும் நான் தனியாத்தான் இருப்பேன். இப்பவாவது வருவீங்கன்னு காத்துக்கிட்டிருக்கேன். அப்ப யாருக்காகக் காத்திருக்கறது?"

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு மறுப்பு, எவ்வளவு நொண்டி மறுப்பாக இருந்தாலும் சரி, சொல்லிவிட்டால் போதும், உடனே தலையாட்டிவிடுவேன் என்று நின்றேன். சொல்லுங்களேன், எவ்வளவோ பேரை மடக்கின ஆளாச்சே நீங்கள், என்னையும் மடக்குங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"சரி" என்றார். தலை குனிந்திருந்தது. "போடல."

நேரமாகிவிட்டது. காவலர் அவர் தோளைத் தொட்டார். விரல்களை வலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, நிதானமாக எழுந்து உள்ளே போனார். நான் வெளியே வந்து தெருவில் நின்று, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று வாய்விட்டே அழுதேன். இருபது வருஷமாக என்னிடம் ஒரு தடவைகூடத் தோற்காத மனுஷன், அன்றைக்குப் பார்த்தா தோற்றுப்போக வேண்டும்!